வாயைக் கட்டுதலும் வயிற்றைக் கட்டுதலும்

"வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்" என்று நம் இல்லங்களில் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். குறைந்த வருவாயில் நிறைந்த மானத்தோடு வாழ்ந்த ஒரு தலைமுறையின் பேச்சு அது. அன்று அது வெறும் சொல்வழக்கு. இன்றோ வயிற்றை உண்மையாகவே கட்டிவிடும் மருத்துவம் வந்துவிட்டது. வாயைக் கட்டும் மருத்துவம்தான் இன்னும் வரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவில் ஓர் அறக்கேள்வி நிற்கிறது. உடற்பருமனுக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்பதே அது.

இது யாரோ சிலருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் மிகை எடையோ பருமனோ உடையவர்கள் 2015-16இல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21இல் 40.4 பேர். ஆடவரில் அவ்வளவு 28.2இலிருந்து 37.0 ஆக உயர்ந்தது. புலால் உண்ணாமையும் இரவுண்ணாமையும் உடைய நம் குடும்பங்கள் இதற்கு விலக்கு என்று எண்ணிவிட முடியாது. அரிசியும் நெய்யும் சர்க்கரையும் மரக்கறி உணவே அல்லவா?

ஓர் எடுத்துக்காட்டு

கேள்வியைத் தெளிவாக்க ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணியின் பொருட்டுத் தென்மாவட்டம் சென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கும் குடும்பம். கணவர் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கர். மனைவி அதே ஊரில் பள்ளி ஆசிரியை. இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டரே ஆதலின் நாள்தோறும் சென்று வருகின்றனர். அம்மையாருக்கு வயது 42. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 98 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீடு ஏறத்தாழ 41. எட்டாண்டுகளாக நீரிழிவு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. பொழுது சாய்வதற்குள் உண்பவர். அஷ்டமி, சதுர்த்தசி நோன்புகளை விடாதவர். இருமுறை பத்துக் கிலோ குறைத்திருக்கிறார். இருமுறையும் அது திரும்பி வந்துவிட்டது.

மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கூறுகிறார். சொந்த ஊரிலுள்ள பெரியப்பா, "நோன்பைச் சரியாக இருந்தால் உடம்பு தானே குறையும், கத்தி எதற்கு?" என்கிறார். சென்னையிலுள்ள தம்பி, "அக்கா, யோசிக்காதீர்கள், உடனே செய்துகொள்ளுங்கள்" என்கிறார். மாமியாரோ, "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று கவலைப்படுகிறார். அம்மையார் ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய மௌனத்தில் வெட்கம் இருக்கிறது. நாம் முதலில் ஆராய வேண்டியது அந்த வெட்கத்தையே.

பருமன் ஒரு குற்றமா?

ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் அவரைக் குறை கூறுவார் இலர். பருத்திருந்தாலோ அவருடைய தட்டை எல்லோரும் உற்றுப் பார்க்கின்றனர். "நாவை அடக்கத் தெரியாதவர்" என்ற தீர்ப்பு வாயால் சொல்லப்படாவிடினும் கண்களில் எழுதப்பட்டிருக்கும்.

நம் கர்ம சித்தாந்தம் இவ்விடத்தில் மிக நுட்பமானது. வினைகளை எட்டாகப் பகுத்த ஆன்றோர், உடலின் அமைப்புக்குக் காரணமானதை நாமகர்மம் என்றனர். உடலில் நேரும் இன்ப துன்ப நுகர்ச்சிக்குக் காரணமானதை வேதனீயம் என்றனர். ஆசை, மயக்கம், கஷாயங்கள் ஆகியவற்றுக்குக் காரணமானதை மோகனீயம் என்றனர். மூன்றையும் ஒன்றாகக் குழப்பவில்லை. ஒருவருடைய உடற்கட்டைக் கண்டு அவருடைய மோகனீயத்தை அளந்துவிடலாம் என்பது இப்பகுப்பை மறந்த பேச்சாகும். மெலிந்த உடலுக்குள் தீராத உணவாசை இருக்கலாம். பருத்த உடலுக்குள் உறுதியான அடக்கம் இருக்கலாம்.

இக்கால உடலியலும் இதற்கு அரண் செய்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் 1994இலும், பசியைத் தூண்டும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டன. எடை குறையும்போது லெப்டின் குறைகிறது, கிரெலின் கூடுகிறது, உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. இழந்த எடையை மீட்க உடலே போராடுகிறது என்று இதைக் கூறலாம். அமெரிக்காவில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்த முடிவுகள் 2016இல் வெளியாயின. அவர்களுடைய உடல், ஓய்வில் செலவிட வேண்டிய அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது. ஆசிரியை அம்மையார் இருமுறை குறைத்த எடை திரும்பியது ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை கிடைக்கிறது. அது முழுவதும் அடக்கமின்மை அன்று.

இதனால் முயற்சி வீண் என்று கூறியதாகாது. பிறருடைய பசியை வெளியிலிருந்து எடைபோடும் தகுதி நமக்கில்லை என்பதே கருத்து.

சமந்தபத்திரர் வரலாறு

பசியே நோயாகிவிட்ட ஒருவரைப் பற்றி நம் மரபு பேசாமல் இல்லை. இரத்தினகரண்ட சிராவகாசாரத்தை இயற்றிய சமந்தபத்திர ஆசாரியருக்குப் பஸ்மக வியாதி வந்ததாக வழங்கும் வரலாறு நம்மவர் பலர் அறிந்ததே. உண்டதெல்லாம் சாம்பலாகி, எவ்வளவு உண்டும் பசி தீராத நோய் அது. துறவி நெறியில் நின்று அந்நோயைத் தீர்க்க இயலாது என்று கண்ட அவர், சல்லேகனை ஏற்று உடலை விட விரும்பிக் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு இசையவில்லை. துறவுக் கோலத்தைச் சிலகாலம் விடுத்து, நோயைத் தீர்த்துக்கொண்டு, மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். அவ்வாறே அவர் வேற்றுக் கோலம் பூண்டு, ஒரு சிவாலயத்தில் நிறையப் படைக்கப்பட்ட உணவை உண்டு, நோய் தணிந்து, மீண்டும் துறவு நெறிக்குத் திரும்பினார் என்பது மரபு. நிகழ்ந்த ஊரைக் காஞ்சி என்றும் வாரணாசி என்றும் வேறுபடக் கூறுவர்.

பஸ்மக நோயும் உடற்பருமனும் ஒன்றல்ல. முன்னது மெலிவிப்பது, பின்னது பருக்கச் செய்வது. எனினும் இவ்வரலாறு நமக்கு மூன்று செய்திகளைக் கூறுகிறது. கட்டுக்கடங்காப் பசி ஒரு பெருந்துறவிக்கும் வரலாம். அது அவருடைய அறத்துக்கு இழுக்காகக் கருதப்படவில்லை. பரிகாரம் உள்ளவரை பரிகாரம் தேடுவதே குருவின் ஆணையாயிற்று. அப்பரிகாரத்துக்காக மிக உயர்ந்த விரதத்தையும் இடையில் நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆயின் திரும்பி வரவேண்டும் என்ற கட்டளையோடுதான் நிறுத்திவைக்கப்பட்டது.

அதே ஆசாரியர் தம் நூலில் சல்லேகனைக்கு உரிய காலங்களைக் கூறுமிடத்து, தீர்க்க வழியில்லாத இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் என்றே வரையறுக்கிறார். தீர்க்க வழியுண்டாயின் நிலைமை வேறு. நால்வகைத் தானங்களில் ஒன்றாக ஔஷத தானம் வைக்கப்பட்டிருப்பதும் இக்கருத்துக்கு இயைந்ததே. பிறருக்கு மருந்து கொடுப்பது அறமென்றால், தனக்கு வந்த நோய்க்கு மருந்து ஏற்பது பழியாகாது.

பட்டை என்பது யாது?

இனி மருத்துவத்தைப் பார்ப்போம். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோனால் ஆன ஒரு பட்டையை வளையமாகப் பூட்டுவது ஒரு முறை. பட்டைக்கு மேலே ஓரிரு மேசைக்கரண்டி அளவே கொள்ளும் சிறு பை உண்டாகிறது. பட்டையிலிருந்து செல்லும் மெல்லிய குழாய், தோலுக்கடியில் வைத்த ஒரு சிறு முனையில் முடிகிறது. அதில் ஊசி வழியே உப்புநீரை ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். உணவு மெல்ல இறங்குவதால் சிறிதளவிலேயே வயிறு நிறைந்த உணர்வு ஏற்படுகிறது. நுண்துளை வழியே இப்பட்டை முதன்முதலில் 1993இல் பெல்ஜியத்தில் பொருத்தப்பட்டது. அமெரிக்க அரசு 2001இல் ஒப்புதல் அளித்தது.

வேறு முறைகளும் உள. இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி அகற்றிக் குழல்போல் ஆக்குவது ஒன்று. சிறு இரைப்பை செய்து அதைக் குடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் மாற்றுவழி அறுவை மற்றொன்று. இவை பசி இயக்குநீர்களையும் மாற்றுகின்றன. பட்டை பெரும்பாலும் வாயிற்காவலன் வேலையை மட்டுமே செய்கிறது.

மென்மை எது?

அகிம்சையில் ஊறிய நம் மனம் பட்டையை நோக்கியே சாயும். "வெட்டுவதில்லை; கட்டுவதுதானே. வேண்டாமென்றால் எடுத்துவிடலாமே" என்று தோன்றும். நல்ல உள்ளத்திலிருந்து பிறக்கும் எண்ணம்தான். ஆயினும் ஆராய்ந்தால் அது முழுமையானதன்று.

ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். பத்தாண்டு முடிவில் பட்டையிட்டவர்களுடைய எடைக் குறைவு நூற்றுக்கு 14 அளவிலும், மாற்றுவழி அறுவை செய்தவர்களுடையது நூற்றுக்கு 25 அளவிலும் நின்றது. நம் ஆசிரியையின் 98 கிலோவுக்குக் கணக்கிட்டால் முன்னது சுமார் 14 கிலோ. பின்னது சுமார் 24 கிலோ. அமெரிக்காவில் மூத்தோர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ப் பட்டையிட்ட ஏறத்தாழ 25,000 பேரில் 18.5 சதவீதத்தினருக்குச் சராசரி நாலரை ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது என 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பட்டை நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுதல், உணவுக்குழாய் விரிதல் ஆகியன காரணங்களாயின. அந்நாட்டின் பருமன் அறுவைகளில் 2011இல் மூன்றில் ஒன்றுக்கு மேலாக இருந்த பட்டை, 2018இல் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

ஆகவே, தொடக்கத்தில் மென்மையாகத் தோன்றுவது முடிவிலும் மென்மையாக இருக்கும் என்பதில்லை. ஒருமுறை வெட்டுவதைத் தவிர்க்கப்போய் மும்முறை வெட்ட நேர்ந்தால் அங்கே துன்பம் குறைந்ததாகுமா? மறுபுறம், வெட்டி அகற்றிய இரைப்பை மீண்டும் வராது. எனவே எம்முறை என்பதைக் கத்தியின் அளவைக் கொண்டன்றி, வரவிருக்கும் ஆண்டுகளின் மொத்தத் துன்பத்தைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். இல்லறத்தார் தவிர்க்கவியலாத ஆரம்ப ஹிம்சையை ஏற்கும்போதும் அதைக் குறைத்துக்கொள்ளும் கடமை உடையவர். அக்கடமை கணக்குப் பார்க்கச் சொல்கிறது. தோற்றத்தைக் கண்டு மயங்கச் சொல்லவில்லை.

பிறவுயிர் சார்ந்த கேள்வியும் உண்டு. தைக்கும் நூலில் கேட்கட் என்பது ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இரத்தம் உறையாதிருக்க அறுவைக்குப்பின் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுபவை. மாத்திரைக் கூடுகள் பல, விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினால் ஆனவை. செயற்கை இழை நூல்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. ஃபோண்டாபரினக்ஸ் என்னும் மருந்து முழுவதும் வேதியியல் முறையில் செய்யப்படுவது. அது தமக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரே கூறவேண்டும். கேட்டால் மாற்று உண்டா என்று மருத்துவர் பார்ப்பார். அறுவை மேசையில் கேட்க முடியாது. முன்னரே கேட்க வேண்டும். மாற்று இல்லாதவிடத்து, உயிர்காக்கும் மருந்தை மறுத்து நுரையீரலில் இரத்தம் உறைந்து இறப்பது அறமாகாது என்பது என் கருத்து.

பால்கோவாவுக்குப் பட்டை தடையில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயில் கோபுரத்தை அடுத்து நினைவுக்கு வருவது பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. பாலும் சர்க்கரையும் அன்றி வேறொன்றும் இல்லை. வாயில் இட்டால் கரைந்துவிடும். இக்கரைவுதான் இங்குக் கவனிக்கத் தக்கது. பட்டை, திண்ணிய உணவைத் தடுக்கும். கரைவதையும் ஒழுகுவதையும் தடுக்காது. சோறும் பொரியலும் இறங்க மறுத்துக் குமட்டும்போது, பால்கோவாவும் பாயசமும் இனிப்புப் பானமும் தடையின்றி இறங்கும். பட்டையிட்ட சிலர் நாளடைவில் மெல்ல வேண்டிய நல்லுணவை விட்டு இனிப்புகளின் பக்கம் சாய்ந்து, எடை குறையாமல் போவது மருத்துவர்கள் கண்ட உண்மை. பிற அறுவைகளிலும் காலம் செல்லச் செல்ல எடை ஓரளவு திரும்புவது உண்டு.

இங்கேதான் தத்துவம் நுழைகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் அகாம நிர்ஜரை என்றொரு சொல் வருகிறது. தன் விருப்பமின்றி, வேறு வழியின்றிப் பசி தாகங்களைப் பொறுப்பதால் நிகழும் வினை உதிர்ப்பு அது. சிறைப்பட்டவன் பட்டினி கிடப்பதை இதற்குக் காட்டுவர். அதற்கும் ஒரு பயன் உண்டு என்று ஆன்றோர் ஒப்பினர். ஆயின் அதைத் தவமென்று அவர்கள் சொல்லவில்லை. வெளித்தவம் ஆறனுள் இரண்டாவதாகிய அவமௌதரியம் வேறு வகையானது. ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறையுணவு என்று வகுத்து, உண்ணக்கூடியவன் தானே விரும்பிச் சில கவளங்களைக் குறைப்பதே அது. இடமில்லாமையால் உண்ணாதிருப்பவன் தவசி ஆகான். இடமிருந்தும் நிறுத்துபவனே தவசி.

இதைக் கொண்டு பெரியப்பா, "பார்த்தீர்களா, நான் சொன்னதுதான்" எனலாம். இல்லை. பட்டையோ வேறு அறுவையோ தவமாகாது என்பதால் அது தகாதது என்றாகிவிடாது. மூக்குக்கண்ணாடி தவமன்று, ஊன்றுகோல் தவமன்று. எனினும் கண்ணாடி இருந்தால் ஆகமம் படிக்கலாம். கோல் இருந்தால் ஜினாலயம் செல்லலாம். அறுவை, பசியின் பேரிரைச்சலைத் தணித்துத் தருகிறது. அவ்வமைதியில் மனம் தன் ஆசையைத் தானே காண இடம் கிடைக்கிறது. அதன்பின் பாலையும் சர்க்கரையையும் அளவு செய்து விடுகின்ற ரச பரித்தியாகத்தை அவர் விரும்பி ஏற்றால், கட்டாயமாக வந்த குறைவு விருப்பமாக ஏற்ற குறைவாக மாறுகிறது. ஏற்காவிடில், வயிறு கட்டுண்டு கிடக்க வாய் தன் வழியே செல்லும். பந்தத்தைக் கட்டு என்று தமிழில் சொன்ன நம் முன்னோர், அதற்குக் காரணம் உள்ளத்தில் இருக்கிறது என்றே காட்டினர்.

அடுத்து, பெரியப்பாவின் நோன்பு மருத்துவத்தை எண்ணுவோம். நோன்பை எடை குறைக்கும் கருவியாக்குவது நோன்புக்கும் நன்றன்று. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும் நன்றன்று. உண்ணாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்; உயிருக்கே ஆபத்தாகலாம். பதினாறு பாவனைகளுள் ஒன்று சக்திதஸ்தபம்: ஆற்றலுக்கு ஏற்ற தவம். ஆற்றலை மறைப்பதும் குற்றம், மீறுவதும் குற்றம்.

அறுவைக்குப்பின் ஒழுக்கம்

அறுவை செய்துகொண்டவர் நாள்தோறும் குறைந்தது 60 கிராம் புரதம் உண்ண வேண்டும் என்பர். முட்டையும் உண்ணாத நமக்குப் பருப்பு, பயறு, சோயா, பால், தயிர், பனீர் ஆகியனவே வழி. வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. மரக்கறி உண்போருக்கு முன்னரே அது குறைவாக இருப்பது உண்டு. அறுவைக்குப்பின் இன்னும் குறையும். ஆதலின் பி12, இரும்பு, கால்சியம் முதலியவற்றை மருத்துவர் கூறியபடி வாழ்நாள் முழுதும் பேண வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. சிறுகச் சிறுகப் பலமுறை உண்ண வேண்டும்.

இவ்வொழுங்கைப் பொழுது சாய்வதற்குள் முடிக்க இயலுமா? விடியற்குப்பின் விரைவில் தொடங்கினால் பெரும்பாலும் இயலும். தொடக்க மாதங்களில் நீர்ச்சத்துக் குறைவு பெரிய இடர் ஆதலின், இரவில் நீரும் விடுத்த விரதம் உடையவர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறவேண்டும். நீரும் அருந்தாத உபவாசத்தைச் சிலகாலம் நிறுத்திவைக்க நேரலாம். அதனால் மனம் கலங்குவோர் சமந்தபத்திரரின் குரு இட்ட ஆணையை நினைவு கொள்க. அங்கும் நிறுத்தம் இருந்தது, திரும்புதலும் இருந்தது.

எதற்காகச் செய்துகொள்கிறோம்?

ஒரே அறுவை, நோக்கத்தால் வேறுபடும். மூச்சு சீராகவும் நீரிழிவு தணியவும் கால் நடக்கவும் வேண்டி ஒருவர் செய்துகொள்கிறார். மேற்கூறிய ஸ்வீடன் ஆய்வில், பலவகை அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு வாய்ப்பு, பிற காரணிகளைச் சரிசெய்து பார்த்தபோது, நூற்றுக்கு 29 அளவு குறைந்திருந்ததாக 2007இல் அறிவிக்கப்பட்டது. இது பெரும்பயன். வேறொருவர் திருமண நிழற்படத்தில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்துகொள்ள நினைக்கிறார். அங்கே மானம் என்னும் கஷாயம் கத்தியைப் பிடித்திருக்கிறது. அதனினும் கொடிது, மகளைக் "குறைத்துக் காட்ட" பெற்றோர் வற்புறுத்துவது. பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ அறுவையை மறைத்து மணம் பேசுவது மாயை. கருத்தரிப்பை அறுவைக்குப்பின் ஓராண்டுக்கு மேலாவது தள்ளிவைக்க வேண்டும் என்பது மருத்துவ விதி ஆதலின், அம்மறைப்பு இன்னோர் உயிரையும் தொடும்.

இடரை மறைப்பதும் தகாது. தேர்ந்த நிலையங்களில் முதல் மாதத்தில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் என்ற அளவிலேயே உள்ளது. ஆயினும் அந்த ஒருவருடைய தாய்க்கு அது ஆயிரத்தில் ஒன்றன்று. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பருமன் அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், அரசு விசாரணை நடத்தியதும் நாளிதழ்களில் படித்தோம். அவசரச் சிகிச்சைப் பிரிவும் பயிற்சி மிக்க குழுவும் இல்லாத இடத்தில் விலை மலிவு என்று படுத்தல் ஆகாது.

யாருக்கு இது உரியது என்பதற்கும் வரம்புகள் உண்டு. நம் நாட்டுக் காப்பீட்டு ஆணையம் 2019இல் வகுத்தபடி, குறியீடு 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் கடும் இணைநோய்களோடு, பிற முயற்சிகள் பயன்தராதபோதே காப்பீடு உண்டு. பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் 2022இல், ஆசியருக்கு 27.5க்கு மேலேயே இதனைக் கருதலாம் என்றன. அனுமதி விரிந்துவிட்டது என்பதால் தேவையும் விரிந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. 2025 மார்ச்சில் டிர்செபடைட் என்னும் வார ஊசியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அது பசியைத் தணித்து எடையைக் குறைக்கிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. கத்திக்கு முன் இவ்வழியையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

மருத்துவத்தின் நான்கு கால்கள்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் முதற் பகுதி பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. இறுதிப் பகுதியிலேயே மருத்துவர் வருகிறார். அளவு முதலில், மருத்துவம் அடுத்து என்ற அவ்வரிசை பொருளுடையது. முடிவில், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுக்கப்படுகிறது. நான்காமவர் யார்? குடும்பத்தார்தாம்.

அறுவை செய்துகொண்டவர் தனித் தட்டில் நாலு கவளம் உண்ண, மற்றவர் அவர் எதிரே அப்பளம் பொரித்து, நெய்யிட்டு, பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தால் அவ்வீட்டில் மருத்துவம் மூன்று காலில் நொண்டும். "அறுவைதான் ஆயிற்றே, ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?" என்னும் விருந்தோம்பலும் ஒருவகைத் துன்புறுத்தலே. வீட்டில் அனைவரும் அளவறிந்து உண்ணத் தொடங்குவதே உடனிருந்து பேணுதலாகும். எல்லோருக்கும் அது நன்மையே.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யும் கட்டுத்துணி பல ஊர்களின் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. புண்ணை ஆற்றுவது அத்துணி அன்று, உடலே ஆற்றிக்கொள்கிறது. துணி, ஆறும்வரை காத்துநிற்கிறது. இரைப்பை அறுவையையும் அவ்வாறே கருதுதல் தகும்.

எனவே என் முடிவு இது. நோய் முற்றி, பிற வழிகளை மெய்யாக முயன்றும் பயனில்லாதபோது, பருமனுக்காக அறுவை செய்துகொள்வது இல்லறத்தார்க்குத் தகும். உடல் அறம் செய்தற்குரிய கருவி ஆதலின் சிலருக்கு அது கடமையும் ஆகலாம். மென்மையாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் பட்டையைத் தேர்தல் வேண்டா. தக்கவாறு அறிந்த பின்னும் ஒருவர் வேண்டாம் என்றால், அம்முடிவும் மதிக்கத் தக்கதே. வற்புறுத்தவும் ஏளனம் செய்யவும் எவருக்கும் உரிமை இல்லை. உற்றார் யாவர் கூறினும், தம் உடலைப் பற்றிய முடிவைத் தாமே எடுப்பதுதான் முறை.

வயிற்றைக் கட்ட மருத்துவர் போதும். வாயைக் கட்டுதல் அவரவர் செய்து முடிக்க வேண்டிய வேலை. அதைப் பருத்தவர்க்கு மட்டும் உரிய வேலையென்று மெலிந்தவர் எண்ணி இருந்துவிட வேண்டா.

வாழ்க அறநெறி!